அபு வளர்ந்த ஊர்கள்: போரால் முதல் டாலா பாலம் வரை

கொல்கத்தா மெட்ரோவில் தெற்கு நோக்கிப் போகும் ரயிலில் ஏறினால், கிட்டத்தட்டக் கடைசியில் வரும் நிலையங்களில் ஒன்று ‘கவி நஜ்ருல்’. வெளியே வந்தால் கரியா கடைத்தெரு. அங்கிருந்து, உள்ளூர்க்காரர்கள் ‘டோட்டோ’ என்று சொல்லும் பேட்டரி ரிக்‌ஷாவில் சில கிலோமீட்டர் போனால் போரால் என்ற ஊர் வருகிறது.

ஊர் என்று சொல்வதா, கொல்கத்தாவின் புறநகர் என்று சொல்வதா என்பது சந்தேகம்தான். எழுபது ஆண்டுகளில் நகரம் வளர்ந்து வந்து போராலைத் தொட்டுவிட்டது. வங்கத்தின் சிந்தனையாளர் ராஜநாராயண் பாசு 1826-ல் பிறந்த ஊர் இது. அவருடைய மகள் வயிற்றுப் பேரன்தான் பின்னாளில் புதுச்சேரிக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட ஸ்ரீ அரவிந்தர். ஆனால், வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் இந்த ஊரைத் தேடி வருவதற்குக் காரணம் வேறு. உலகம் மறக்காத ஓர் ஏழைச் சிறுவன் இங்கேதான் ஓடினான், விளையாடினான், அக்காவைப் பறிகொடுத்தான். அவன் பெயர் அபு.

சத்யஜித் ரேயின் முதல் படமான ‘பதேர் பாஞ்சாலி’ (1955) பெரும்பாலும் எடுக்கப்பட்டது போராலில். அபுவின் கதை அதோடு முடியவில்லை. ‘அபராஜிதோ’ (1956) அவனைக் காசிக்குக் கொண்டுபோனது. ‘அபுர் சன்சார்’ (1959) கொல்கத்தாவின் ரயில் பாதை ஓரத்தில் ஒரு மாடி அறையில் குடிவைத்தது. மூன்று படங்கள், மூன்று இடங்கள். ஒரு குழந்தை வறுமைக்குள்ளேயே வளர்ந்து ஆளாவது எப்படி என்பதை, இந்த இடங்களின் வழியே நடந்து பார்த்தாலே புரிந்துகொள்ளலாம்.

மாதம் 50 ரூபாய் வாடகை

பிபூதிபூஷண் பந்தோபாத்யாய் எழுதிய ‘பதேர் பாஞ்சாலி’ நாவல் 1929-ல் புத்தகமாக வந்தது. கதையில் வரும் ஊரின் பெயர் நிஷ்சிந்திபூர். வங்க மொழியில் ‘நிஷ்சிந்த்’ என்றால் கவலை இல்லாத என்று பொருள். அடுத்த வேளைச் சோற்றுக்கு என்ன செய்வது என்று தெரியாத ஒரு குடும்பம் வாழும் ஊருக்கு, கவலையில்லாத ஊர் என்று பெயர்!

ரே நகரத்தில் வளர்ந்தவர். கொல்கத்தாவில் ஒரு பிரிட்டிஷ் விளம்பர நிறுவனத்தில் ஓவியராக வேலை. 1940-களில் இந்த நாவலின் சிறுவர் பதிப்புக்குப் படம் வரைந்தபோதுதான் கதை அவரைப் பிடித்துக்கொண்டது. 1950-ல் அலுவலக வேலையாக லண்டன் போனவர், அங்கே ‘சைக்கிள் திருடர்கள்’ என்ற இத்தாலியப் படத்தைப் பார்த்தார். பெரிய நட்சத்திரங்கள் இல்லாமல், உண்மையான தெருவில், ஏழை அப்பா மகன் கதையை எடுத்திருந்தார்கள். நாமும் இப்படித்தான் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் ஊர் திரும்பினார்.

போராலில் பாழடைந்து கிடந்த ஒரு வீடு கிடைத்தது. சொந்தக்காரர் கொல்கத்தாவில் இருந்தார். மாத வாடகை 50 ரூபாய். வீட்டைக் கொஞ்சம் சரிசெய்து, கதைக்கு வேண்டிய அளவு பாழாகவே வைத்துக்கொண்டார் கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா. ஒலிப்பதிவாளர் உட்கார்ந்திருந்த அறையில் ஒரு பெரிய பாம்பு தென்பட்டது. அடிக்க வேண்டாம், அது வெகுகாலமாக இந்த வீட்டிலேயே இருக்கிற ‘வாஸ்துப் பாம்பு’ என்று ஊர்க்காரர்கள் தடுத்தார்கள். படத்தின் முடிவில், குடும்பம் ஊரைவிட்டுப் போன பிறகு, ஒரு பாம்பு மெதுவாக அந்த வீட்டுக்குள் நுழையும். படம் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறக்காது.

மாடுகள் மேய்ந்துவிட்ட காட்சி

முதல் நாள் படப்பிடிப்பு போராலில் நடக்கவில்லை. கொல்கத்தாவுக்கு வடமேற்கே, பர்த்வான் பக்கம் பால்சிட் என்ற இடத்தில், ரயில் பாதையை ஒட்டிய வெட்டவெளியில் நடந்தது. தேதி 1952 அக்டோபர் 27. நாணல் பூத்துக் குலுங்கும் காலம். வங்காளிகள் ‘காஷ்’ என்று சொல்லும் அந்த வெள்ளைப் பூ வந்தால் துர்கா பூஜை நெருங்கிவிட்டது என்று பொருள். அந்த வெள்ளைக் காட்டுக்குள் அக்காவும் தம்பியும் ஓடிப்போய் முதன்முதலாக ரயிலைப் பார்க்க வேண்டும்.

பாதிக் காட்சி எடுத்தாயிற்று. ஒரு வாரம் கழித்துத் திரும்பிப் போனால், ஒரு பூ கூட இல்லை. மாடுகள் எல்லாவற்றையும் மேய்ந்துவிட்டிருந்தன! அடுத்த ஆண்டு மறுபடி நாணல் பூக்கும் வரை காத்திருந்துதான் மீதியை எடுத்தார்கள். திரையில் சில நிமிடங்கள் ஓடும் காட்சிக்கு நடுவே ஓராண்டு இடைவெளி.

அபுவாக நடித்த சுபிர் பானர்ஜியைக் கண்டுபிடித்தவர் ரேயின் மனைவி பிஜோயா. பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்த பையன். அவனுக்கு நடிக்கத் தெரியாது. அக்காவைக் காணாமல் தயங்கித் தயங்கி நடக்க வேண்டும் என்றால், விறைப்பாக நேராக நடந்து வந்தான். ரே ஒரு வழி செய்தார். அவன் நடக்கும் பாதையில் அங்கங்கே சுள்ளிகளைப் போட்டு வைத்தார். நாணலுக்குள் ஆட்களை ஒளித்து வைத்து, ஒருவர் மாற்றி ஒருவர் அவனைக் கூப்பிடச் சொன்னார். பையன் சுள்ளியைத் தாண்டினான், குரல் வந்த பக்கமெல்லாம் திரும்பிப் பார்த்தான். அக்காவைத் தேடுகிற தம்பியின் தவிப்பு தானாகவே வந்துவிட்டது.

கையில் பணம் இல்லை. ரே தன் இன்ஷூரன்ஸ் பாலிசியை அடகு வைத்தார். புத்தகங்களையும் இசைத்தட்டுகளையும் விற்றார். மனைவியின் நகைகளும் போயின. மாதக்கணக்கில் படப்பிடிப்பு நின்றது. அந்த இடைவெளியில், படத்தில் நடித்த நாய் செத்துப்போய், அதே மாதிரி இன்னொரு நாயைத் தேட வேண்டியிருந்தது. மிட்டாய்க்காரராக நடித்தவர் இறந்துவிட்டார்; அதே உடல்வாகு கொண்ட வேறொருவரைப் பின்னாலிருந்து காட்டிச் சமாளித்தார்கள். மிட்டாய்க்காரருக்குப் பின்னால் அக்காவும் தம்பியும் நாயும் வரிசையாகப் போக, குளத்துத் தண்ணீரில் அவர்கள் நிழல் தலைகீழாக நகர்கிற காட்சி அது. வாங்கக் காசில்லாத குழந்தைகள், மிட்டாயோடு நடந்துபோகும் சந்தோஷத்தையாவது அனுபவிக்கிறார்கள்.

மூன்று அற்புதங்களால்தான் இந்தப் படம் முடிந்தது என்று ரே சொல்வதுண்டு. அபுவின் குரல் உடையவில்லை. துர்கா பெரியவளாகிவிடவில்லை. பாட்டியாக நடித்த, எண்பது வயதை ஒட்டிய சுனிபாலா தேவி இறந்துவிடவில்லை. கடைசியில் கைகொடுத்தது மேற்கு வங்க அரசு. முதல்வர் பிதான் சந்திர ராய் நிதி ஒதுக்கினார். படத்தின் பெயருக்குப் ‘பாதையின் பாட்டு’ என்று பொருள் என்பதால், சாலை மேம்பாட்டுக் கணக்கில் அந்தப் பணம் எழுதப்பட்டது என்பது பலரும் சொல்லிச் சிரிக்கும் செய்தி.

துர்காவுக்குப் பள்ளிக்கூடம் இல்லை

கதையைப் பார்ப்போம். அப்பா ஹரிஹர் புரோகிதர். நாடகம் எழுத வேண்டும் என்ற கனவு வேறு. வேலை செய்த இடத்தில் மூன்று மாதச் சம்பளம் பாக்கி இருந்தாலும் கேட்கக் கூச்சப்படுகிற மனிதர். அம்மா சர்பஜயாதான் அரிசிப் பானையின் அடியைப் பார்க்கிறவள். கூடவே ஒட்டிக்கொண்ட, கூன் விழுந்த கிழவி இந்திர். மூத்தவள் துர்கா. இளையவன் அபு.

அபு பள்ளிக்குப் போகிறான். மளிகைக் கடையை நடத்திக்கொண்டே பாடம் சொல்லிக் கொடுக்கிற வாத்தியார். ஒரு கையில் தராசு, மறு கை எட்டும் தூரத்தில் பிரம்பு. சிரிப்பு வரவழைக்கும் பள்ளிதான், ஆனாலும் பள்ளி. துர்காவுக்கு அதுவும் இல்லை. அவள் தோட்டத்தில் கொய்யா திருடிக் கிழவியிடம் கொடுக்கிறாள். திட்டு வாங்குகிறாள், முடியைப் பிடித்து இழுத்து அடிக்கும் அம்மாவிடம் அடி வாங்குகிறாள். தம்பிக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்புகிறாள்.

வறுமை எல்லோருக்கும் சமமாக வருவதில்லை. வீட்டில் இருக்கிற கொஞ்சம் யாருக்குப் போகிறது, யாருக்குப் போகவில்லை என்பதை இந்தப் படம் குரலை உயர்த்தாமல் காட்டிவிடுகிறது. தம்பிக்கு உலகத்தைக் காட்டியவள் அக்காதான். கரும்பைக் கடித்துக்கொண்டே, தந்திக் கம்பத்தில் காதை வைத்து ரீங்காரம் கேட்கச் சொல்லித் தந்தவளும் அவளே. அவள் இல்லாமல் அபு இல்லை.

துர்காவாக நடித்த உமா தாஸ்குப்தா சினிமாவில் தொடரவில்லை. பின்னாளில் பள்ளி ஆசிரியை ஆனார். 2024 நவம்பரில் காலமானார். பள்ளிக்கூடமே போகாத துர்காவைத் திரையில் வாழ்ந்து காட்டியவர், வாழ்க்கையில் பல குழந்தைகளுக்குப் பாடம் சொன்னார்.

யாரும் சொல்லாமல் எடுத்த குடை

மழையில் ஆட்டம் போட்டு நனைந்த துர்காவுக்குக் காய்ச்சல் வருகிறது. அப்பா வேலை தேடி வெளியூரில். ஒரு புயல் இரவு. கதவு அடித்துக்கொள்கிறது, சாக்குத் திரை காற்றில் விம்முகிறது. விடிந்தபோது துர்கா இல்லை.

அதற்குப் பிறகு வரும் சின்னக் காட்சி ஒன்றைப் பலர் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுவார்கள். அம்மா கல்லாகச் சமைந்திருக்கிறாள். அபு பல் விளக்குகிறான். தானே தலைவாரிக்கொள்கிறான். போர்வையைச் சுற்றிக்கொண்டு, எண்ணெய்ப் புட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்புகிறான். வாசலில் நின்று வானத்தைப் பார்க்கிறான். மேகம் கருத்திருக்கிறது. திரும்பி உள்ளே போய்க் குடையை எடுத்து வருகிறான்.

அவ்வளவுதான் காட்சி. வசனம் இல்லை, அழுகை இல்லை. நேற்று வரை அக்கா வாரிவிட்ட தலையை இன்று அவனே வாருகிறான். மழை வரும், குடை வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, அவனுக்கே தோன்றுகிறது. வசதியான வீட்டுப் பிள்ளை பெரியவனானதைப் பிறந்தநாள் கேக் சொல்லும். ஏழை வீட்டில் அதை இப்படி ஒரு குடை சொல்கிறது.

துர்கா திருடவே இல்லை என்று சாதித்த பாசிமணி மாலை, வீட்டைக் காலி செய்யும்போது அபுவின் கையில் கிடைக்கிறது. அம்மாவிடம் சொல்லவில்லை. குளத்தில் வீசிவிடுகிறான். பாசி விலகி, மாலை மூழ்கி, பாசி மறுபடி மூடிக்கொள்கிறது. இறந்துபோன அக்காவின் மானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று ஒரு சிறுவன் தானாக எடுத்த முடிவு. யாருக்கும் தெரியாத முடிவு.

போராலுக்குப் போகிறவர்கள் அந்தக் குளத்தை, அந்த முற்றத்தை அப்படியே எதிர்பார்த்தால் ஏமாந்துபோவார்கள். படத்தில் பார்த்த பாழடைந்த வீடு இன்று அந்த உருவத்தில் இல்லை. சுற்றிலும் கான்கிரீட் வீடுகள். ஆனால் தெற்கு வங்கத்தின் குளமும் மூங்கிலும் ஈரமும் முழுதாகப் போய்விடவில்லை. ஒரு சந்து திரும்பினால் தண்ணீர் தென்படும். பார்க்க வேண்டிய இடம் என்று பலகை தேடாமல், ஒரு குளக்கரையில் பத்து நிமிடம் நின்றால் போதும்.

காசியில், அப்பா இல்லாத பையன்

‘அபராஜிதோ’ ஒரு ரயில் ஜன்னலில் தொடங்குகிறது. இரும்புப் பாலத்தின் கம்பிகள் ஓட, அவற்றுக்குப் பின்னால் கங்கை. இன்றும் கொல்கத்தா பக்கமிருந்து வரும் பல ரயில்கள் அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் வாராணசிக்குள் நுழைகின்றன. 1887-ல் திறக்கப்பட்ட பாலம்; இன்றைய பெயர் மாளவியா பாலம்.

ஹரிஹர் காசிப் படித்துறையில் உட்கார்ந்து புராணம் படித்துச் சம்பாதிக்கிறார். சிறுவன் அபுவுக்கோ காசி முழுவதும் விளையாட்டு மைதானம். கதை சுழற்றுகிற பயில்வான்களைப் பார்க்கிறான். கோயில் குரங்குகளுக்குத் தீனி போடுகிறான். இந்தப் பகுதியின் பல காட்சிகளை ரே எடுத்தது சௌசட்டி காட் என்ற படித்துறையிலும் அதைச் சுற்றியும். தசாசுவமேத காட்டிலிருந்து தெற்கே கொஞ்ச தூரம் நடந்தால் வந்துவிடும். செங்குத்தான படிகள். பின்னால் வங்காளிகள் தலைமுறைகளாக வாழும் பெங்காலி டோலா. அவர்கள் குடியிருந்த வீட்டின் முற்றம் மட்டும் கொல்கத்தா ஸ்டூடியோவில் போட்ட செட். மேலே துணியைக் கட்டி, அதில் விளக்கொளியைப் பட்டுத் திரும்பவைத்து, நிஜ முற்றத்தின் மங்கிய பகல் வெளிச்சத்தைக் கொண்டுவந்தார் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா. முதல் படத்துக்கு வந்தபோது அவருக்கு வயது 21. அதற்குமுன் சினிமா கேமராவை இயக்கியதில்லை.

தீபாவளி சமயத்தில் ஹரிஹருக்குக் காய்ச்சல். விடியற்காலையில் கங்கைத் தண்ணீர் கேட்கிறார். அபு செம்பை எடுத்துக்கொண்டு படித்துறைக்கு ஓடுகிறான். வாயில் தண்ணீர் விட்டதும் உயிர் பிரிகிறது. அந்த நொடியில் புறாக்கூட்டம் ஒன்று படபடவென்று வானத்தில் எழும்புகிறது.

தமிழ் வாசகர்களுக்கு இங்கே இன்னொரு பையன் நினைவுக்கு வருவான். 1898-ல் தந்தை சின்னசாமி ஐயர் இறந்த பிறகு, எட்டயபுரத்திலிருந்து காசிக்கு வந்து அத்தை குப்பம்மாள் வீட்டில் தங்கிப் படித்த சுப்பிரமணிய பாரதி. அவர் தங்கிய வீடு அனுமன் காட்டில். கேதார் காட், அனுமன் காட் பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் இன்றும் உண்டு. சௌசட்டி காட்டிலிருந்து படித்துறைகள் வழியாகவே நடந்து போய்விடலாம். கதையில் வரும் அபுவும் வரலாற்றில் வாழ்ந்த பாரதியும் அப்பாவை இழந்த பருவத்தில் நடந்தது ஒரே கங்கைக் கரைதான். பாரதிக்கு அரவணைக்க அத்தை வீடு இருந்தது. அபுவுக்கு இருந்தது அம்மா மட்டும்.

சர்பஜயா ஒரு பணக்கார வீட்டில் சமையல் வேலைக்குச் சேர்கிறாள். சோற்றுக்குக் கவலையில்லை. ஒருநாள், தன் மகன் எஜமானருக்கு எடுபிடி வேலை செய்வதைப் பார்க்கிறாள். ஒன்றும் பேசவில்லை. ஆனால் அடுத்த காட்சியில் அவர்கள் ரயிலில் இருக்கிறார்கள், வங்கத்துக்குத் திரும்பி. வயிறு நிறைகிற இடத்தைவிட்டு, மகன் வேலைக்காரனாகிவிடக் கூடாது என்பதற்காகக் கிளம்பிவிட்ட அம்மா.

தவறவிடாத ரயிலைத் தவறவிட்டவன்

உறவினர் ஒருவர் இருக்கும் சிறிய கிராமம். அபுவைப் புரோகிதம் செய்யப் பழக்குகிறார்கள். ஒருநாள் பள்ளிப் பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்துவிட்டு வந்து, நானும் பள்ளிக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் கேட்கிறான். காலையில் பூஜை, பிறகு பள்ளி என்று இரண்டையும் சுமக்கிறான். தலைமை ஆசிரியர் அவனுக்குப் புத்தகங்களைத் தருகிறார். வடதுருவம், ஆப்பிரிக்கா, நட்சத்திரங்கள். வறுமையில் வளரும் குழந்தைக்குச் சோற்றுக்கு அடுத்தபடி கிடைக்கக்கூடிய பெரிய சொத்து, ‘இவனுக்கு இதைக் கொடுத்தால் படிப்பான்’ என்று நினைக்கிற ஓர் ஆசிரியர்.

உதவித்தொகை கிடைக்கிறது. கொல்கத்தா போக வேண்டும். அம்மா மறுக்கிறாள், அறைகிறாள், பிறகு தான் சேர்த்துவைத்த பணத்தை எடுத்துக் கொடுக்கிறாள். கொல்கத்தாவில் அவன் இரவெல்லாம் அச்சகத்தில் வேலை செய்துவிட்டுப் பகலில் வகுப்பில் தூங்கி வழிகிறான். விடுமுறைக்கு வந்து திரும்பும் நாளில், ஸ்டேஷன் வரை போய், ரயில் வந்து நிற்கும்போது, ஏறாமல் வீட்டுக்குத் திரும்பி வருகிறான். ரயில் போய்விட்டது என்று பொய் சொல்கிறான். அம்மாவோடு இன்னும் ஒரே ஒரு நாள்.

அந்த நாள் போதவில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. படிப்பு கெட்டுவிடும் என்று மகனுக்கு எழுத விடவில்லை. ரயில் சத்தம் கேட்கும்போதெல்லாம் மரத்தடியில் உட்கார்ந்து பாதையைப் பார்க்கிறாள். கடைசி இரவில் குளத்தோரம் மின்மினிகள் மட்டும் பறக்கின்றன. அபு வந்து சேரும்போது வீடு காலி.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். கஷ்டத்தில் வளர்ந்து முன்னுக்கு வந்த பிள்ளைகளைப் பாராட்டும்போது, ‘எவ்வளவு அடிபட்டாலும் எழுந்து நிற்கிறான் பார்’ என்று சொல்வது வழக்கம். எழுந்து நிற்கிறவனைச் சுற்றி, உட்கார்ந்துவிட்டவர்கள் யார் என்று கேட்பதில்லை. ரேயின் படங்கள் அதைத்தான் கேட்கின்றன. துர்காவுக்குப் பள்ளி கிடைக்கவில்லை. சர்பஜயாவுக்கு வைத்தியம் கிடைக்கவில்லை. அபுவின் உறுதி அவன் பிறக்கும்போதே கொண்டுவந்த வரமல்ல. அக்காவும் அம்மாவும் தங்கள் பங்கிலிருந்து எடுத்துக் கொடுத்தது. அதனால்தான் அவன் வெற்றி பெறும்போது கைதட்டத் தோன்றுவதில்லை, தொண்டை அடைக்கிறது. ‘அபராஜிதோ’ என்றால் தோல்வி அடையாதவன். 1957-ல் வெனிஸ் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கச் சிங்கத்தை இந்தப் படம் வென்றது.

டாலா பாலத்துக்குப் பக்கத்தில்

மூன்றாவது படத்தில் அபு இளைஞன். சௌமித்ர சாட்டர்ஜியின் முதல் படம். மனைவி அபர்ணாவாக வந்த ஷர்மிளா தாகூருக்கும் முதல் படம். அவர் அப்போது பள்ளிச் சிறுமி. அபு குடியிருக்கும் மொட்டைமாடி அறை, வட கொல்கத்தாவில் டாலா பாலம் பக்கம், ரயில் பாதைகளைப் பார்த்தபடி இருந்த ஒரு வீட்டில். நாணல் காட்டில் கனவாக ஓடிய அதே ரயில், இங்கே ஜன்னலுக்கு வெளியே கரிப்புகை கக்கிக் காதைப் பொத்த வைக்கிறது. வாடகை பாக்கி கேட்க வீட்டுக்காரர் வருகிறார். புதுப்பெண் அபர்ணா கிழிந்த திரைச்சீலையின் ஓட்டை வழியே வெளியே பார்க்கிறாள். அழுகை வருகிறது. கீழே ஒரு தாயும் குழந்தையும் விளையாடுகிறார்கள். கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். ஒரு குடும்பம் தொடங்கிவிட்டது.

பழைய டாலா பாலத்தை 2020-ல் இடித்துவிட்டார்கள். 2022 செப்டம்பரில் புதுப் பாலம் திறந்தது. கீழே சித்பூர் ரயில் பாதைகள் இன்னமும் விரிந்து கிடக்கின்றன. கொஞ்ச தூரத்தில் ‘கொல்கத்தா’ என்றே பெயர் கொண்ட ரயில் நிலையம். பாலத்தின் ஓரத்திலிருந்து பார்த்தால், புகை மட்டும்தான் இல்லை.

அபர்ணா பிரசவத்தில் இறந்துபோகிறாள். அபு இந்த ஒரு முறை உடைந்துவிடுகிறான். பிறந்த மகன் காஜலின் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஐந்தாண்டுகள் ஊர் ஊராகத் திரிகிறான். எல்லா அடியையும் தாங்கியவனுக்கும் தாங்க முடியாத அடி ஒன்று உண்டு என்று ஒப்புக்கொள்கிற இடம் இது. கடைசியில் மகனைத் தேடி வருகிறான். மகன் கல்லெறிகிறான், ஓடுகிறான். அபு மிரட்டவில்லை, உரிமை பேசவில்லை. நண்பன் என்கிறான். அப்பாவிடம் கூட்டிப்போவாயா என்று கேட்கிற மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கிறான். அக்காவிடமும் அம்மாவிடமும் பெற்றதைத் திருப்பிக் கொடுக்க அவனுக்கு இப்போதுதான் ஓர் இடம் கிடைத்திருக்கிறது.

நெருப்புக்குத் தப்பியவை

இந்தப் படங்களும் ஒரு பெரிய கண்டத்திலிருந்து தப்பியவை. 1993-ல் லண்டனில் ஒரு பிலிம் லேபில் ஏற்பட்ட தீயில் மூன்று படங்களின் மூலச் சுருள்களும் கருகின. ரே அதற்கு முந்தைய ஆண்டு, ஆஸ்கர் கௌரவ விருது பெற்ற சில வாரங்களில் காலமாகியிருந்தார். இனி ஒன்றும் செய்ய முடியாது என்று கிடந்த சுருள்களை, பிற்பாடு இத்தாலியின் பொலோனா நகர வல்லுநர்கள் கையாலேயே ஒட்டிச் சீராக்கினார்கள். தேறாத பகுதிகளுக்கு வேறு பிரதிகளிலிருந்து எடுத்தார்கள். 2015-ல் புதுப்பொலிவோடு நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் திரையிட்டார்கள். ‘பதேர் பாஞ்சாலி’ 1955 மே மாதம் உலகில் முதன்முதலாகத் திரையிடப்பட்டதும் அதே இடத்தில்தான்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

* நாணல் பூவைப் பார்க்க வேண்டுமானால் செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரங்கள் நல்ல காலம். ஹவுராவிலிருந்து பர்த்வான் பக்கம் போகும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தாலே போதும். துர்கா பூஜை நாட்களில் கொல்கத்தாவில் தங்க இடம் கிடைப்பது கடினம். முன்பதிவு அவசியம்.

* போராலுக்கு அரை நாள் போதும். ஊரில் இருப்பவை மக்கள் குடியிருக்கும் வீடுகள். கேட்காமல் உள்ளே நுழைவதோ படம் எடுப்பதோ வேண்டாம். திரிபுரசுந்தரி கோயிலையும் பார்த்துவிட்டு வரலாம்.

* கொல்கத்தாவில் ரபீந்திர சதன் மெட்ரோ நிலையத்துக்கு அருகில் உள்ள ‘நந்தன்’ திரைப்பட மையத்தை 1985-ல் திறந்துவைத்தவர் ரே. அதன் சின்னத்தை வரைந்தவரும் அவரே.

* கொல்கத்தாவிலிருந்து வாராணசிக்கு ஓர் இரவு ரயில் பயணம். படித்துறைகளை விடியற்காலையில் நடந்து பார்ப்பது நல்லது. அபு தண்ணீர் எடுக்க ஓடிய நேரமும் அதுதான்.

* படங்களை வெளிவந்த வரிசையிலேயே பார்க்க வேண்டும். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்கலாம். மெதுவாகப் போகிறதே என்று முதல் அரை மணி நேரம் நெளிவார்கள். ரயில் வந்த பிறகு அசைய மாட்டார்கள். படம் முடிந்ததும், அபு ஏன் குடையை எடுத்தான் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். வீட்டில் யார் யார் தன் பங்கை விட்டுக்கொடுக்கிறார்கள் என்ற பேச்சு அங்கிருந்து தானாகத் தொடங்கும்.